பழங்கிரேக்க மெய்யியலில் புதிர்நடை: எது வேண்டுமென்றே, எது விபத்து?

கேள்வி இதுதான்: ஹெராக்ளிடஸ், பித்தகோரஸ் தொடங்கி அரிஸ்டாட்டில் வரை கிரேக்க மெய்யியலாளர்கள் பலரும் ஏன் இப்படிப் புரியாத நடையில் எழுதினார்கள்? எதையாவது மறைத்தார்களா, அல்லது நமக்குத்தான் எட்டவில்லையா?

ஒரே பதிலில் எல்லோரையும் அடக்கப் பார்ப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. ‘புரியவில்லை’ என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி. கி.மு. 45-இல் ரோமானியப் பேச்சாளர் சிசெரோ இதை ஓரளவு பிரித்துக் காட்டினார். இரண்டு வகைப் புரியாமைக்கு ஆசிரியரைக் குறை சொல்லக் கூடாது என்றார் அவர். ஒன்று ஹெராக்ளிடஸைப் போல வேண்டுமென்றே செய்வது. மற்றொன்று பிளேட்டோவின் ‘திமேயஸ்’ போல, எடுத்துக்கொண்ட பொருளே கடினமாக இருப்பது. இவை இரண்டும் இல்லாமல் புரியாமல் போனால் பழி எழுதியவர் மேல்தான் என்று சொல்லி, எபிகூரஸை அந்த மூன்றாம் கூண்டில் நிறுத்தினார். எபிகூரஸோ, நடைக்குத் தெளிவைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்று வலியுறுத்தியவர்! சிசெரோவின் பட்டியலோடு இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டும்: சுவடி சிதைந்ததால் வந்த புரியாமை, பின்னால் வந்த உரைகாரர்கள் தாங்களாகவே ஏற்றிவைத்த புரியாமை. நம் கைக்கு வந்திருக்கும் எந்தத் துண்டிலும் இவற்றில் இரண்டு மூன்று கலந்தே இருக்கும்.

முதலில் ஹெராக்ளிடஸ். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் இருந்த எபேசஸ் நகரத்துக்காரர், கி.மு. 500-ஐ ஒட்டி வாழ்ந்தவர். ‘இருண்டவர்’ என்பதே அவருடைய பட்டப்பெயர். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் டைமன் என்ற கேலிக்கவி அவரைப் ‘புதிர்போடுபவன்’ என்று ஏசினார். லத்தீன் கவிஞர் லுக்ரீஷியஸ், இருட்டு மொழியால் புகழ்பெற்றவர் என்று குத்தலாகச் சொன்னார். ஹெராக்ளிடஸ் தன் நூலை ஆர்ட்டெமிஸ் கோயிலில் ஒப்படைத்ததாகவும், தகுதி உள்ளவர் மட்டுமே நெருங்கட்டும், கூட்டம் மலிவாக எண்ணிவிடக் கூடாது என்று சிரமமாக எழுதியதாகவும் மெய்யியலாளர்களின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லாயெர்ட்டியஸ் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் டயோஜெனிஸ் எழுதியது ஹெராக்ளிடஸுக்கு எழுநூறு ஆண்டுகள் கழித்து. மெய்யியலாளர்களின் வாழ்க்கைக் கதைகளில் பாதி, அவர்களின் வாசகங்களிலிருந்தே இட்டுக்கட்டப்பட்டவை. கூட்டத்தை வெறுப்பதாக ஒரு வாசகம் கிடைத்தால், அதிலிருந்து ஒரு சம்பவத்தைத் தயாரித்துவிடுவார்கள். அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃப்ராஸ்டஸ் சொன்ன காரணம் வேறு: அந்த நூலில் சில பகுதிகள் அரைகுறையாகவும் சில முன்னுக்குப் பின் முரணாகவும் இருப்பதற்கு ஆசிரியரின் கரும்பித்த இயல்பே (கிரேக்கர் ‘மெலன்கோலியா’ என்ற மனநிலை) காரணம் என்றார். ஆக, பழங்காலத்திலேயே இதற்கு ஒருமித்த பதில் இல்லை.

எனவே கதைகளை ஓரமாக வைத்துவிட்டு வாக்கியத்துக்குள் போவோம். அவருடைய நூலின் தொடக்க வாக்கியத்தை அரிஸ்டாட்டில் ‘அணியியல்’ மூன்றாம் புத்தகத்தில் குறை சொல்வதற்காகவே மேற்கோள் காட்டுகிறார். எழுதியது எதுவும் படிக்கவும் வாய்விட்டுச் சொல்லவும் எளிதாக இருக்க வேண்டும். ஹெராக்ளிடஸின் வாக்கியத்தை எங்கே நிறுத்திப் படிப்பது என்றே தெரியவில்லை என்பது அவர் புகார். வாக்கியத்தின் சொல்வரிசை ஏறக்குறைய இப்படிப் போகும்: ‘இந்த லோகோஸ் – இருக்கையில் – என்றும் – உணராதவராகிறார்கள் – மனிதர்கள்’. (லோகோஸ் என்றால் சொல், உலகின் ஒழுங்கு என்று இரண்டும் ஆகும்.) நடுவில் நிற்கும் ‘என்றும்’ முன்னால் உள்ளதோடு சேருமா, பின்னால் உள்ளதோடு சேருமா? லோகோஸ் என்றும் இருக்கிறதா, மனிதர்கள் என்றும் உணராமல் இருக்கிறார்களா?

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் வசதி உண்டு. நடுவில் நின்ற ஒரு சொல் முன்னும் பின்னும் சென்று பொருள் தருவதை நம் அணியிலக்கணம் இடைநிலைத் தீவகம் என்கிறது. அதைப் பிழை என்று சொல்வதில்லை. கிரேக்க உரைநடையை ஆராய்ந்த அரிஸ்டாட்டிலோ அதை நிறுத்தக்குறிச் சிக்கலாக மட்டும் பார்த்தார். ஹெராக்ளிடஸின் மற்ற வாசகங்களோடு வைத்துப் பார்த்தால், ‘என்றும்’ இரண்டு பக்கமும் இழுப்பதுதான் நோக்கம் என்ற வாசிப்பே எனக்கு வலுவாகத் தெரிகிறது. அந்த லோகோஸ் எப்போதும் கண்முன் இருக்கிறது, மனிதர்கள் எப்போதும் அதைத் தவறவிடுகிறார்கள்: இந்த இரண்டும் ஒரே செய்தி. ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் காற்புள்ளி போட்டுவிட்டால் வாக்கியம் தெளிவாகிவிடும், ஆனால் செய்தியில் பாதி போய்விடும். பெரும்பாலான மொழிபெயர்ப்புகளில் நடப்பது இதுதான்.

இது ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருந்தால் தற்செயல் என்று விடலாம். வில்லைப் பற்றிய வாசகத்தைப் பாருங்கள்: ‘வில்லுக்குப் பெயர் வாழ்வு, வேலையோ சாவு.’ கிரேக்கத்தில் ‘பியோஸ்’ என்பதற்கு அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் வாழ்வு. கடைசி அசையில் விழுந்தால் வில் – இது வில்லைக் குறிக்கும் பழைய செய்யுள் வழக்கு. அவர் காலத்து எழுத்தில் அழுத்தக்குறி கிடையாது. அது வந்தது சுமார் மூன்று நூற்றாண்டுகள் கழித்து, அலெக்சாந்திரியாவில். ஆகவே ஏட்டில் இருப்பது இரண்டுக்கும் பொதுவான நான்கு எழுத்துகள் மட்டும். வாய்விட்டுப் படிப்பவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த மறுகணமே மற்றது இடிக்கும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. வாக்கியத்தின் முதலில் வில்லுக்கு அவர் போட்டிருப்பது வழக்கமான ‘தோக்சோன்’ என்ற சொல். ‘பியோஸ்’ என்பதும் வில்தான் என்பதைப் படிப்பவரே நினைவுக்குக் கொண்டுவந்து இணைக்க வேண்டும். எதிரெதிரானவை ஒன்றுக்குள் ஒன்று இருக்கின்றன என்ற கொள்கையை அவர் விளக்கிச் சொல்லவில்லை. படிப்பவரையே செய்ய வைத்துவிடுகிறார். வெறும் சிலேடை விளையாட்டு என்று இதை ஒதுக்க முடியாது.

புகழ்பெற்ற ஆற்று வாசகமும் அப்படித்தான். ‘ஒரே ஆற்றில் இரண்டு முறை இறங்க முடியாது’ என்று எல்லோரும் சொல்வது பிளேட்டோ ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் தரும் வடிவம். அறிஞர்கள் பலர் மூல வடிவமாகக் கருதும் வாசகம் வேறு: ‘அதே ஆறுகளில் இறங்குவோர் மேல் வேறு வேறு நீர் வந்து பாய்கிறது.’ இதில் ‘அதே’ என்பது கிரேக்க வேற்றுமை உருபின்படி ஆறுகளுக்கும் பொருந்தும், இறங்குவோருக்கும் பொருந்தும். ஆறு அதேதான், நீர் மாறுகிறது. மனிதர் அதே ஆள்தான், அவரைச் சூழ்ந்தது மாறுகிறது. மாறுவதால்தான் அது ஆறாகவே இருக்கிறது என்பது வாதம். ‘முடியாது’ என்று பிளேட்டோ வடிவம் சொல்வதற்கு இது ஏறக்குறைய எதிர்ப்பக்கம். அந்த உரையாடலுக்குப் பெயர் தந்த கிராட்டிலஸ் என்ற மெய்யியலாளர் இன்னும் ஒரு படி போய், ஒரு முறைகூட இறங்க முடியாது என்றார். கடைசியில் அவர் பேச்சையே விட்டுவிட்டு விரலை மட்டும் அசைத்தார் என்கிறார் அரிஸ்டாட்டில். ஒரு வாசகத்தைத் தெளிவாக்கப் போய் எங்கே கொண்டுபோய் விட்டார்கள் பாருங்கள்.

புதிரைப் பற்றி ஹெராக்ளிடஸே பேசும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று: ‘டெல்ஃபியில் குறிசொல்லும் இறைவன் சொல்வதுமில்லை, மறைப்பதுமில்லை, குறிகாட்டுகிறான்.’ கி.மு. 480-இல் பாரசீகப் படை வந்தபோது ‘மரச்சுவர்’ காக்கும் என்று டெல்ஃபி வாக்கு வந்தது. அதைக் கோட்டைவேலி என்று சிலர் கொள்ள, கப்பல்கள் என்று ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸ் கொண்டார். வாக்கில் பொய் இல்லை, ஒளிப்பும் இல்லை. வேலை மிச்சம் இருக்கிறது, அது கேட்பவர் செய்ய வேண்டிய வேலை. மற்றொன்று ஹோமரைப் பற்றியது. பேன் குத்திக்கொண்டிருந்த சிறுவர்கள் ஹோமரிடம், ‘கண்டதையும் பிடித்ததையும் விட்டுவிட்டு வருகிறோம், காணாததையும் பிடிக்காததையும் சுமந்து வருகிறோம்’ என்று சொல்லி அவரை ஏமாற்றினார்களாம். கவனியுங்கள்: விடுகதையைச் சொல்வதற்கு முன்பே ‘பேன் குத்தும் சிறுவர்கள்’ என்று விடையைப் போட்டு உடைத்துவிடுகிறார். விடையை ஒளிப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. கண்ணுக்கு எதிரே இருப்பதை, கிரேக்கரிலேயே அறிவாளி எனப்பட்டவரும் தவறவிடுகிறார் என்பதே அங்கே செய்தி. ‘ஹெராக்ளிடஸின் இரகசியக் கொள்கை’ என்று யாராவது தொடங்கினால் இந்த வாசகத்தை எடுத்து நீட்டலாம்.

இந்த நடை எளிதில் போலி செய்யக்கூடியது என்பதும் உண்மை. பிளேட்டோவின் ‘தியேட்டெட்டஸ்’ உரையாடலில் எபேசஸ் பக்கத்துச் சீடர்களைப் பற்றி ஒரு கிண்டல் வருகிறது: எதைக் கேட்டாலும் அம்பறாத்தூணியிலிருந்து உருவுவது போலப் புதிர்ச் சொற்றொடர் ஒன்றை எடுத்து எய்வார்கள், அதற்கு விளக்கம் கேட்டால் இன்னொரு அம்பு வரும். நடை மட்டும் தொற்றிக்கொண்டு, உள்ளே செய்யும் வேலை தொற்றாமல் போனால் இதுதான் மிஞ்சும்.

பித்தகோரஸ் கூட்டத்தாரின் கதை முற்றிலும் வேறு. பித்தகோரஸின் மாணவர்கள் ‘கேட்டவை’ என்று வழங்கிய கட்டளைகள்: அவரை வகையைத் தொடாதே, வாளால் நெருப்பைக் கிளறாதே, மேசையிலிருந்து விழுந்ததை எடுக்காதே, தராசுக்கோலைத் தாண்டாதே. பின்னால் வந்தவர்கள் இவற்றை உருவகமாக விளக்கினார்கள்: நெருப்பைக் கிளறாதே என்றால் கோபத்தில் இருப்பவனைச் சீண்டாதே, தராசைத் தாண்டாதே என்றால் நியாயத்தை மீறாதே. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றில் பல, சமயக் குழுக்கள் எங்கும் வைத்திருக்கும் தீட்டு, விலக்கு விதிகளைப் போலவே இருக்கின்றன. முதலில் அப்படியே கடைப்பிடிக்கப்பட்டு, காலம் மாறி அவை விசித்திரமாகத் தோன்றிய பிறகே ‘உள்ளர்த்தம்’ தேவைப்பட்டிருக்கும். அவரைக்கு அரிஸ்டாட்டில் திரட்டிய காரணங்களே இதற்குச் சாட்சி: பிறப்புறுப்பைப் போல இருக்கிறது, கணு இல்லாததால் பாதாள வாசலைப் போல இருக்கிறது, உடலுக்குக் கேடு, பிரபஞ்சத்தின் வடிவைப் போன்றது, ஆட்சியாளரைச் சீட்டுப்போட்டு எடுக்கப் பயன்படுகிறது. ஒரே விதிக்கு ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து விளக்கம் நிற்கிறது என்றால், விளக்கம் விதிக்குப் பின்னால் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

உரைகாரர் எப்படிப் புதிரை உற்பத்தி செய்கிறார் என்பதை நேராகவே பார்க்க ஒரு சுவடி கிடைத்திருக்கிறது. 1962-இல் தெசலோனிக்கிக்கு அருகே தெர்வேனியில், கல்லறை ஒன்றை ஒட்டிய சிதை மிச்சத்தில் கரிந்துபோன பாப்பிரஸ் சுருள் ஒன்று கிடைத்தது. பாதி எரிந்ததால்தான் அது மக்காமல் தப்பியது. 26 பத்திகளின் மேற்பகுதி மீண்டிருக்கிறது, எழுதப்பட்டது கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. முழுமையான பதிப்பு வர 2006 ஆகிவிட்டது. உள்ளே இருப்பது புராணப் பாடகர் ஆர்ஃபியஸ் பெயரில் வழங்கிய ஒரு பாடலுக்கு உரை. உரைகாரரின் முதல் துணிபே, ஆர்ஃபியஸ் பெரிய விஷயங்களைப் புதிராகச் சொல்லியிருக்கிறார் என்பது. பாட்டில் பிறப்புறுப்பு என்று வரும் இடத்தில், அது சூரியன் என்கிறார்: பிறப்புக்குக் காரணம் அந்த உறுப்பு என்று மக்கள் நம்புகிறார்கள், சூரியன் இல்லாமல் எதுவும் பிறக்காது, ஆகவே உவமை. இன்னோர் இடத்தில், இந்த அடிகளில் சொற்கள் இடம் மாறிக் கிடக்கின்றன, யாரும் கவனிக்கவில்லை என்று சொல்லி, தனக்கு வேண்டிய பொருள் வரும்படி மாற்றிக் கூட்டுகிறார். கொண்டுகூட்டுப் பொருள்கோளைத் தாராளமாகப் பயன்படுத்தும் உரைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலை உடனே பிடிபடும். பாட்டு நேரடியாகச் சொல்லும் புராணம் அவருக்குச் சங்கடமாக இருக்கிறது. அதனால் அது புதிராக இருந்தே தீர வேண்டும். இதே உரைகாரர் ஹெராக்ளிடஸையும் மேற்கோள் காட்டுகிறார் என்பது வரலாற்றின் குறும்பு.

எம்பெடோக்ளிஸை வேகமாகத் தாண்டலாம். நெருப்பு, காற்று, நிலம், நீர் என்ற நான்கு மூலங்களுக்கு அவர் ஜீயஸ், ஹீரா, ஐடோனியஸ், நெஸ்டிஸ் என்று தெய்வப் பெயர் வைத்தார். நெஸ்டிஸ் நீர் என்பது அவர் சொல்லிலேயே தெரிகிறது. ஹீரா காற்றா நிலமா என்று பழங்காலத்திலேயே இரண்டு கட்சி. அரிஸ்டாட்டில் இவரை, சொல்ல ஒன்றும் இல்லாதபோது சொல்வது போலப் பாவனை செய்பவர்களுக்கு உதாரணமாக்கியது கொஞ்சம் அநியாயம்தான்.

பிளேட்டோவிடம் ஒரே ஒரு புதிரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ‘குடியரசு’ எட்டாம் புத்தகத்தில் நல்ல அரசு எப்படிச் சீரழியத் தொடங்குகிறது என்பதற்கு ஓர் எண் வருகிறது. தெளிவற்ற ஒன்றைச் சொல்ல ‘பிளேட்டோவின் எண்ணைவிட இருட்டு’ என்று சிசெரோ ஒரு கடிதத்தில் எழுதும் அளவுக்கு அது பேர்போனது. இன்று பரவலாக ஏற்கப்படும் விடை 1,29,60,000. இது 3,600-ஐ 3,600-ஆல் பெருக்கினாலும் வரும், 4,800-ஐ 2,700-ஆல் பெருக்கினாலும் வரும். பத்தியில் ஒரு சதுரமும் ஒரு நீள்சதுரமும் பேசப்படுவதற்கு இது பொருந்துகிறது. ஆனால் விடை கண்டுபிடிப்பவர்கள் அடிக்கடி விட்டுவிடும் வரி அதற்குச் சற்று முன்னால் இருக்கிறது: இதைச் சொல்பவர்கள் கலைத்தேவியர், குழந்தைகளோடு விளையாடுவது போலக் கேலியாக, ஆனால் பெருமிதமான நாடக நடையில் பேசுகிறார்கள் என்று. கணக்கு உண்மையான கணக்கு. குரல் மட்டும் பாதி விளையாட்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவர்கள் ஒன்று எண்சோதிடத்தில் போய் விழுவார்கள், அல்லது பிளேட்டோ உளறுகிறார் என்று புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அரிஸ்டாட்டிலிடம் வரும்போது நிலைமை தலைகீழ். நடையின் சிறப்பு தெளிவே என்றவர் அவர். புதிர் எப்படி உருவாகிறது என்பதற்கும் ‘கவிதையியலில்’ இலக்கணம் சொல்லிவிட்டார்: உண்மையானவற்றைச் சொல்லிக்கொண்டே, நடக்க முடியாதவற்றை இணைத்துவிடுவது, அது உருவகத்தால் முடியும். ‘ஒருவன் மேல் ஒருவன் நெருப்பால் வெண்கலத்தை ஒட்டுவதைக் கண்டேன்’ என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. விடை, மருத்துவர் சூடாக்கிய வெண்கலக் குப்பியைத் தோல்மேல் கவிழ்த்து இரத்தம் இழுப்பது. இப்படித் தெளிவைப் போற்றியவரின் பாடநூல்களே பிற்காலத்தில் பெரும் புதிராயின.

‘ஆன்மாவைப் பற்றி’ மூன்றாம் புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம் அச்சில் சுமார் 16 வரிதான். செயல்படும் அறிவு என்பது எது, அது மனிதனுக்குள்ளா வெளியிலா என்று இரண்டாயிரம் ஆண்டாக அதற்கு உரை எழுதுகிறார்கள். அதன் கடைசிச் சொற்றொடரை ‘இது இல்லாமல் எதுவும் சிந்திப்பதில்லை’ என்றும் படிக்கலாம், ‘இது இல்லாமல் அது எதையும் சிந்திப்பதில்லை’ என்றும் படிக்கலாம். ‘இது’ செயல்படும் அறிவா, செயலுக்கு உட்படும் அறிவா என்பதும் தெரியாது. மேலோட்டமாகப் பார்த்தால் ஹெராக்ளிடஸின் ‘என்றும்’ போலவே இருக்கிறது. காரணம் வேறு. அங்கே இரண்டு பொருளும் சேர்ந்து ஒரு கருத்தைத் தருகின்றன. இங்கே ஒரு பொருளை ஏற்றால் மற்றது கெடுகிறது. வகுப்பில் விரித்துப் பேசுவதற்காக எழுதிய குறிப்புகள் இவை. எழுவாயைப் போட வேண்டிய அவசியம் அவருக்கு இருந்திருக்காது. போதாததற்கு, அவர் நூல்கள் ஸ்கெப்சிஸ் ஊரில் நிலத்தடியில் கிடந்து ஈரத்தாலும் பூச்சியாலும் அரிக்கப்பட்டன, பின்னர் அபெல்லிகோன் என்பவர் ஓட்டைகளைத் தவறாக நிரப்பிப் படியெடுத்தார் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார்.

இதைப் பிற்காலத்தார் நோக்கமாக மாற்றினார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அட்டிக்கஸ் என்ற பிளேட்டோவாதி, கணவாய்மீன் மைக்குள் ஒளிவது போல அரிஸ்டாட்டில் இருட்டுக்குள் ஒளிகிறார் என்று திட்டினார். அலெக்சாந்திரியாவில் அம்மோனியஸ் என்ற உரையாசிரியர் அரிஸ்டாட்டில் பாடம் தொடங்குமுன் கேட்கும் பத்துக் கேள்விகளில் ஒன்று, ‘இவர் ஏன் புரியாமல் எழுதினார்?’ அவர் பதில்: கோயிலில் திரை போடுவது போல, முயல்பவர் மனம் கூர்மையாகும், சோம்பேறி திரும்பிப் போவான். ஹெராக்ளிடஸ் பற்றிய கோயில் கதையோடு இதை ஒப்பிட்டால், ஒரே அச்சில் வார்த்தது தெரியும்.

நீங்களே படிக்கப் போகிறீர்கள் என்றால் சில செய்முறைக் குறிப்புகள். ஹெராக்ளிடஸின் வாசகங்களுக்கு இன்று வழங்கும் எண்கள் ஹெர்மன் தீல்ஸ் 1903-இல் வெளியிட்ட தொகுப்பிலிருந்து வருபவை. தொடக்கத்தைத் தவிர மற்றவற்றை அவர் அடுக்கியது, மேற்கோள் காட்டிய ஆசிரியர்களின் அகரவரிசையில். ஆகவே 50-க்கும் 51-க்கும் இடையே கருத்துத் தொடர்ச்சி தேடாதீர்கள். இரண்டும் அடுத்தடுத்து நிற்பது ஹிப்போலிட்டஸ் எடுத்தாண்டதால்தான். அடுத்து, மேற்கோள் காட்டியவர் யார், எதற்காகக் காட்டினார் என்று பாருங்கள். ஹிப்போலிட்டஸ் ஒரு கிறித்தவ எழுத்தாளர். தன் எதிரி நோயெட்டஸின் கொள்கை ஹெராக்ளிடஸிடமிருந்து திருடியது என்று காட்டவே வாசகங்களை அடுக்கினார். அதனால் ‘எதிரெதிரானவை ஒன்றே’ என்பவை அவரிடம் குவிந்திருக்கின்றன. அவரைப் போலவே கிறித்தவ எழுத்தாளரான கிளெமென்டுக்குப் புதிர்நடையே உயர்ந்தது என்ற கொள்கை உண்டு, ஆகவே இருண்டவை அவருக்குப் பிடிக்கும். பழைய சுவடியில் மேற்கோள்குறி கிடையாது. வாசகம் எங்கே முடிந்து எடுத்தாண்டவரின் விளக்கம் எங்கே தொடங்குகிறது என்பது பல இடங்களில் பதிப்பாசிரியரின் முடிவு.

பிறகு, ஒரு வரி இரண்டு பொருள் தருகிறது என்றால் அந்த இரட்டைத்தன்மை மூலத்தில் இருக்கிறதா, உங்கள் கையில் உள்ள மொழிபெயர்ப்பில் முளைத்ததா என்று இரண்டு மொழிபெயர்ப்புகளையாவது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு திசையில் போனால் பெரும்பாலும் மூலத்தில்தான் கிளை இருக்கிறது. ஒன்று மட்டும் மர்மமாகவும் மற்றது சாதாரணமாகவும் இருந்தால் மர்மத்தை ஏற்றியவர் மொழிபெயர்ப்பாளராக இருக்கலாம். மூலத்தில் கிளை உண்டு என்று உறுதியானால், இரண்டு பொருளும் ஒன்றாக நிற்க முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். நிற்குமானால் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். நிற்காவிட்டால் அது குறிப்பின் சுருக்கமாகவோ எழுத்தரின் பிழையாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே ஆழம் தேடுவது வீண் வேலை.